பழைய ரெக்கார்டோட பேப்பர் உறை: தூக்கிப் போடலாமா, வெச்சிக்கணுமா?

திருமங்கலத்தான்
வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டு மட்டும் போவேன், இப்பத்தான் முதல் தடவையா எழுதுறேன். எங்க பெரியப்பா மைக்செட் வச்சிருந்தாரு, திருமங்கலம் சுத்துப்பட்டுல கல்யாணம் காதுகுத்து சடங்கு கோயில் பொங்கல் எதுன்னாலும் அவரு குழாய்தான் கத்தும். போன வருசம் தவறிட்டாரு. பெரியம்மா பரண்ல கிடந்த ரெண்டு தகரப்பெட்டியைக் காட்டி உனக்குத்தான் இதுல கிறுக்கு, நீயே தூக்கிட்டுப் போடான்னு சொல்லிட்டாங்க. தொறந்து பார்த்தா 78 தட்டு (நிமிசத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய அரக்குத் தட்டு) ஒரு 140, ஈபி (ரெண்டு மூணு பாட்டு இருக்கற சின்னத் தட்டு) 60 இருக்கும், எல்பி (நிறைய பாட்டு இருக்கற பெரிய தட்டு) 30 சொச்சம். தட்டெல்லாம் பரவால்ல. ஆனா உள்ள போட்டிருக்க பேப்பர் உறை இருக்கே, மஞ்சளாகி, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி ஒடியுது, பாதிக்கு மேல ராமபாணப் பூச்சி தின்னு ஜல்லடையா இருக்கு, நாத்தம் வேற. எங்க வீட்டுல அந்தப் பேப்பரை வெளிய போட்டாத்தான் பெட்டி உள்ள வரும்னு கறாரா சொல்லிட்டா. எல்லாத்தையும் கழிச்சுட்டு புது பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போட்டுரலாம்னு இருக்கேன். எந்தக் கவர் நல்லது, எங்க கிடைக்கும்னு சொன்னா போதும்.

கீறல்தட்டு
போடாதீங்க தலைவரே!!! நான் போட்டவன். 2014 போகி. அப்பா வாங்குன ரெக்கார்டுக்கெல்லாம் புது உறை வாங்கிப் போட்டுட்டு, பழைய இன்னர் அத்தனையும் பாய், கிழிஞ்ச முறம், தேஞ்ச துடைப்பத்தோட வாசல்ல கொளுத்தியாச்சு. எரிஞ்சிட்டிருக்கும்போது ஒரே ஒரு உறை காத்துல எழும்பி காம்பவுண்டு ஓரமாப் போய் விழுந்துச்சு, சரி அதையும் தள்ளுவோம்னு எடுத்துப் பார்க்குறேன், பென்சில்ல அப்பா கையெழுத்து, "3வது பாட்டு தாவும், தங்கச்சி கல்யாணத்தன்னிக்கு கீறல் விழுந்தது"ன்னு. இன்னிக்கும் அந்த எல்பி 3வது பாட்டுல தாவுது. அந்தப் பாதி கருகுன பேப்பர் மட்டும் என்கிட்ட இருக்கு. மீதி நூறு உறைல என்னென்ன எழுதியிருந்தாரோ.

ஊசிமுனை
திருமங்கலம் தம்பி, கவர் வாங்குறது அப்புறம், முதல்ல அந்தப் பேப்பரை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டில தனியா எடுத்து வைங்க. நான் 30 வருசத்துக்கு மேல சேர்க்குறேன், ஆரம்பத்துல நானும் உங்கள மாதிரிதான் நினைச்சேன்.

தட்டுக்குக் கெடுதலான்னு கேட்டா, ஆமா, அந்த பேப்பர் கெடுதல்தான். மரக்கூழ்ல பண்ணுன மட்டக் காகிதம், நாளானா அமிலம் ஏறி நொறுங்கும், அந்தத் தூள் ஊசி ஓடுற பள்ளத்துக்குள்ள உக்காரும், தட்டை உருவி உருவி சொருகும்போது மயிரிழைக் கீறல் விழும். அதனால தட்டு புது உறைக்குள்ள போகட்டும். பழைய பேப்பர் அதே வெளி அட்டைக்குள்ள, தட்டுக்குப் பின்னாடி, தனியா இருக்கட்டும். நான் அப்படித்தான் பண்றேன். 78க்கு அட்டையே கிடையாது, அந்தப் பழுப்புப் பேப்பர்தான் அதுக்கு உள்ளாடையும் வெளியாடையும், அதுக்கு மட்டும் தனி ஃபைல் போட்டு ரெண்டுலயும் ஒரே நம்பரை பென்சில்ல குறிச்சு வைங்க. பேனா வேணாம்.

ஏன் வைக்கணும்னு கேட்பீங்க. தட்டுல வருசம் போட்டிருக்க மாட்டான், முக்கால்வாசி 78ல கிடையாது. உறை சொல்லும். அந்தக் காலத்துல ரெக்கார்டு விக்கிற கடைக்காரங்க தங்க பேரு, விலாசம், கூடவே கிராமபோன் பெட்டி, தையல் மிஷின், சைக்கிள் விளம்பரம் எல்லாம் சேர்த்து சொந்தமா உறை அடிச்சிருப்பாங்க. அதுல பாருங்க:

விலாசத்துல வெறும் சென்னை-2ன்னு இருக்கா, இல்ல 600 002ன்னு இருக்கா? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. ஆறு இலக்கம் இருந்தா அந்த உறை அதுக்கு முன்னாடி அடிச்சிருக்க வாய்ப்பே இல்ல. இங்கிலீஷ்ல மெட்ராஸ் ஸ்டேட்னு போட்டிருந்தா 1969 ஜனவரிக்கு முன்னாடி அடிச்சதுன்னு பெரும்பாலும் சொல்லிரலாம். விளம்பரத்துல கிராமபோன் ஊசி விலை அணாவுலயா நயா பைசாவுலயா? அணான்னா பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தினது, நயா பைசான்னா 57லேருந்து 64க்குள்ள. அப்புறம் எழுத்து. லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை தூக்குன மாதிரி பழைய கொம்பு போட்டிருந்தா 1978 சீர்திருத்தத்துக்கு முன்னாடின்னு ஒரு யூகம், ஆனா இத மட்டும் நம்பிராதீங்க, சின்ன அச்சாபீஸ்ல பழைய ஈய எழுத்தையே வெச்சு அதுக்கப்புறமும் ஓட்டிட்டுதான் இருந்தாங்க.

தட்டைவிட உறைய வெச்சுத்தான் நான் நிறைய கத்துக்கிட்டேன்.

அல்லிக்குளம்
சார் கோவிச்சுக்காதீங்க, இந்த ஒரிஜினல் உறைங்கறதே ஒரு பெரிய பொய். நான் சென்னை மூர்மார்க்கெட்ல பழைய ரெக்கார்டு கடை வெச்சிருந்தவர்கிட்ட பையனா வேலைக்குச் சேர்ந்தவன், 1985 மே மாசம் 30 தேதி அது எரிஞ்சப்ப எனக்கு 14 வயசு. எரியிறதுக்கு முந்தியும் சரி, அல்லிக்குளம் பக்கம் வந்தப்புறமும் சரி, எங்க வேலையே தட்டை ஒரு பக்கம் உறைய ஒரு பக்கம் பிரிச்சுப் போட்டு கழுவித் துடைச்சு, கைக்கு எது வருதோ அதுல சொருகுறதுதான். நல்ல தட்டுக்கு நல்ல உறை, கீறல் தட்டுக்குக் கிழிஞ்ச உறை. இதுக்கு மேல ஒரு விதியும் கிடையாது. கும்பகோணம் கடை உறைல பெங்களூர்ல வாங்குன தட்டு இருக்கும். நானே ஆயிரக்கணக்குல மாத்தியிருக்கேன் சார், உங்ககிட்ட இருக்கறதுல நான் மாத்துனது எத்தனையோ.

ஊசிமுனை
அல்லிக்குளம் சொல்றது உண்மை, மறுக்கல. என்கிட்ட ஒரு சுப்ரபாதம் எல்பி இருக்கு, எம்.எஸ். அம்மாவோடது, முதல்ல வந்தது 1963. என்னுடையது முதல் அச்சுன்னு சொல்லி ஒருத்தர் தலைல கட்டுனாரு. உள்ள இருந்த கடை உறைல அழகா பின்கோடு. அப்ப ஒண்ணு பின்னாடி மறுபடி அச்சுப் போட்ட தட்டா இருக்கணும், இல்ல உறை மாறியிருக்கணும். அந்த எல்பி எத்தனையோ வருசமா திரும்பத் திரும்ப அச்சாகிட்டே இருந்தது, தமிழ்நாட்டுல அது இல்லாத ரெக்கார்டு பெட்டி கிடையாது. கடைசில லேபிள், கடைசிப் பள்ளத்துக்கு உள்பக்கம் வெட்டியிருக்க நம்பர் எல்லாம் பார்த்து, மறு அச்சுதான்னு முடிவு பண்ணேன். மாறியிருக்குமோன்னு சந்தேகப்பட்ட உறைகூட ஏதோ ஒண்ணு சொல்லுது பாருங்க.

ஆனா திருமங்கலம் தம்பி விசயம் வேற. அது கடைச் சரக்கு கிடையாது. ஒரே மனுசன் வாங்கி, ஒரே மனுசன் ஓட்டி, ஒரே பெட்டில செத்துப்போன சரக்கு. அங்க உறை மாறியிருக்க வாய்ப்பு கம்மி. மாறியிருந்தா அவரே மாத்தியிருப்பாரு, அதுக்கும் ஒரு காரணம் இருக்கும். மைக்செட்காரங்க தட்டை ரெண்டு நிமிசத்துல தேடி எடுக்கணும்ல.

திருமங்கலத்தான்
அண்ணே இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சே. இப்பத்தான் பெட்டியை மறுபடி தொறந்தேன். உறைல எழுத்து இருக்கு!! நான் அழுக்குன்னு நினைச்சது பாதி பென்சில் எழுத்து. பெரிய எழுத்துல சுமார் முப்பது உறைல "பி"ன்னு போட்டிருக்கு, சிலதுல "தா", சிலதுல "ந". தட்டு லேபிள்லயும் ரப்பர் ஸ்டாம்பு, ரேடியோஸ் அண்ட் சவுண்ட் சர்வீஸ்னு பெரியப்பா பேரோட.

கீறல்தட்டு
பி = பிள்ளையார் பாட்டு. முதல்ல அதான ஓடணும். தா = தாலி கட்டுற நேரம்? ந = நலங்கா? நகைச்சுவையா?

திருமங்கலத்தான்
தா போட்ட உறைக்குள்ள நாகஸ்வரத் தட்டுதாண்ணே இருக்கு. சரியாச் சொல்லிட்டீங்க. ந தான் புரியல, அதுல எல்லாம் சோகப்பாட்டு.

அல்லிக்குளம்
ந = நடுராத்திரி. பந்தல்ல சீட்டாடுற ஆளுங்களுக்கு.

லண்டன்_சுண்ணாகம்
வாசிக்க நல்லா இருக்குது பிள்ளையள். நான் இங்க வந்து 30 வருசத்துக்கு மேல, இங்கத்தைய ஆக்கள் இந்த உள்ளுறைக்குப் படுற பாட்டைப் பாத்தா நீங்க சிரிப்பியள். பீட்டில்ஸின்ர சார்ஜன்ட் பெப்பர் எல்பி 1967இல வரேக்க உள்ளுக்கு வெள்ளைப் பேப்பருக்குப் பதிலா சிவப்பு அலையலையாப் போட்ட ஒரு உறை வந்தது, தி ஃபூல் எண்ட டச்சுக் கலைஞர் குழு வடிவமைச்சது. பிறகு வந்த பதிப்புகளில சாதாரண வெள்ளை உறைதான். இப்ப அந்த அலை உறை இல்லாட்டி ஒருத்தனும் அதை முழுசெண்டு எடுக்க மாட்டான். கன பேர் வெறும் உறைய மட்டும் தனியா வாங்கி, உறையில்லாத தட்டுக்குப் போட்டு விக்கிறாங்கள், அல்லிக்குளம் தம்பி சொன்ன அதே வேலை, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு செய்யினம். இங்கத்தைய ஈஎம்ஐ எண்ட ரெக்கார்டுக் கம்பெனியின்ர உறைகளில எமிடெக்ஸ் எண்டு ஒரு துடைக்கிற துணிக்கு விளம்பரம் இருக்கும், அந்த விளம்பரத்தின்ர வாசகம் மாறுறதை வச்சுக்கூட ஆண்டு பிரிக்கினம்.

இன்னொண்டு. அதே பீட்டில்ஸ் பாட்டுகள் உங்கட நாட்டில 78 அரக்குத் தட்டாகவும் வந்ததெண்டு தெரியுமோ? மற்ற இடமெல்லாம் 45 சுத்துத் தட்டுக்கு மாறின பிறகும் கல்கத்தா டம்டம் ஃபக்டரியில 78 அடிச்சுக்கொண்டிருந்தவங்கள், ஊர்வழிய சாவி குடுத்துச் சுத்துற பெட்டியள்தானே கூட. அந்தத் தட்டுக்கு இங்க அடிபிடி. உங்கட பெரியப்பாவின்ர பெட்டியில ஒண்டு கிடக்குதோ எண்டு ஒருக்கா வடிவாப் பாருங்கோ.

திருமங்கலத்தான்
இல்லண்ணே, பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் பாட்டுன்னா பேண்டு வாத்தியம் மட்டும்தான். இருந்தாலும் தேடிப் பார்த்துட்டேன் ஹிஹி.

காகிதப்பூச்சி
நான் ஒரு நூலகத்துல பழைய சுவடி, பழைய பத்திரிகை பாதுகாக்குற பிரிவுல இருக்கேன், ரெக்கார்டு பத்தி அவ்வளவா தெரியாது, பேப்பர் பத்தி சொல்லலாம்.

செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க. பத்து வருசத்துல பசை மஞ்சளாகி பேப்பருக்குள்ள ஊறிடும், அப்புறம் எங்களாலயே எடுக்க முடியாது. மைதாப் பசையும் வேணாம், ராமபாணத்துக்கு விருந்து வெச்ச மாதிரி. கிழிசலை ஒட்டித்தான் ஆகணும்னா மெல்லிசு ஜப்பான் டிஷ்யூ, மெத்தில் செல்லுலோஸ் பசை. இல்லேன்னா ஒட்டாம அப்படியே விட்டுருங்க, ஒண்ணும் கெட்டுப்போகாது. முதல்ல பூச்சி உயிரோட இருக்கான்னு பாருங்க, இருந்தா உறைகளை சீல் பண்ற பிளாஸ்டிக் பைல போட்டு டீப் ஃப்ரீசர்ல ரெண்டு வாரம் வெச்சு எடுத்து, பையைத் தொறக்காம ஒருநாள் வெளிய வெச்சு ஈரம் போனதும் பிரிங்க. பேப்பரை மட்டும்தாங்க! தட்டை வெச்சுறாதீங்க!! அந்துருண்டை போடுற பழக்கம் இருந்தா நிறுத்துங்க. மெத்துனு ஒரு பிரஷ்ஷால ஓரத்துலேருந்து வெளிப்பக்கமா தூசி தட்டினா போதும், ஈரத்துணி கூடாது. அப்புறம் அந்த பென்சில் எழுத்தை அழுக்குன்னு நெனச்சு ரப்பர் போட்டு அழிச்சுறாதீங்க, நான் வேலைல சேர்ந்த புதுசுல அப்படி ஒரு காரியம் பண்ணி திட்டு வாங்கியிருக்கேன்.

ஊசிமுனை
நல்ல தகவல்மா. கூடவே ஒண்ணு, 78 தட்டை ஸ்பிரிட், ஐசோபுரொப்பைல் எதாலயும் துடைக்காதீங்க. அது அரக்கு, ஆல்கஹால்ல கரைஞ்சுரும். வினைலுக்குக் கொஞ்சமா கலந்துக்கலாம், 78க்கு வெறும் தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, லேபிள் நனையக்கூடாது.

கவர் கேட்டீங்கள்ல. பளபளன்னு கெட்டியா கண்ணாடி மாதிரி இருக்கற பிவிசி கவர் வாங்காதீங்க. வாங்கி அனுபவிச்சவன் நான். நம்ம ஊர் வெயில்ல அதுலேருந்து ஒரு எண்ணெய் மாதிரி கசியும், தட்டுமேல பால் தெளிச்ச மாதிரி படலம் விழும், கழுவுனாலும் போகாது, போட்டா ஒரே இரைச்சல். என்கிட்ட இருந்த நல்ல கர்நாடக எல்பி பதினோரு தட்டு அப்படிப் போச்சு. மெல்லிசா, கசக்குனா சரசரன்னு சத்தம் வர்ற பாலிதீன் உறைதான் சரி. பார்க்க மளிகைக்கடை கேரிபேக் மாதிரி இருக்கும், பரவால்ல. உள்ளுறையோட வாய் மேல பார்த்து இருக்கற மாதிரி அட்டைக்குள்ள சொருகுங்க, தூசி இறங்காது, எடுக்கும்போது தட்டும் உருண்டு வந்து தரைல விழாது. நிமுத்தி வைங்க, படுக்கப்போட்டு அடுக்காதீங்க. 78 நூறு தட்டு அடுக்கினா ஏறக்குறைய 20 கிலோ கனம், அடியில இருக்கறது விரிசல் விட்டுரும். பலகையும் அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கங்க.

அல்லிக்குளம்
தம்பி நாகஸ்வரத் தட்டு என்ன வெல சொல்றீங்க? உறை நீங்களே வெச்சுக்கங்க, எனக்குத் தட்டு போதும்.

மட்டுறுத்துநர்
விற்பனை பேச்சு இந்தப் பகுதியில் வேண்டாம். இரண்டாவது முறை சொல்கிறேன்.

அல்லிக்குளம்
சரிங்க சரிங்க. பழக்கதோசம்.

திருமங்கலத்தான்
விக்கிறதா இல்லண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க.

ஒரு சந்தேகம். நேத்து ராத்திரி உக்காந்து எல்லா உறையையும் ஒவ்வொண்ணா லைட்ல காட்டிப் பார்த்தேன். 78 உறையோட உள்பக்கம், பேப்பரை லேசா விரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும், சின்னச்சின்னதா பென்சில் கோடு போட்டிருக்கு. நாலு கோடு நிமுத்தி, அஞ்சாவது குறுக்க. பால்காரர் கணக்கு மாதிரி. ஒரு உறைல 60க்கு மேல இருக்கு. நடுநடுல ஒரு கோட்டுக்குப் பதிலா பெருக்கல் குறி. கோட்டுக்குக் கீழ பொடி எழுத்துல ஊர் பேரு மாதிரி, கள்ளி, செக்கா, கப்பலூ, பேரை.

ஊசிமுனை
ஆகா! அது ஊசிக் கணக்கா இருக்கும் தம்பி. 78 தட்டுல அரக்கு ஒரு பங்குதான், மீதி கல்லுமாவு, கரித்தூள். அந்தக் கல்லுமாவு ஊசியை அரைச்சு பள்ளத்தோட வடிவத்துக்குக் கொண்டுவரணும், அதுக்குத்தான் கலக்குறது. அதனால ஒரு பக்கம் ஓடுனா இரும்பு ஊசி காலி. கம்பெனியே ஒவ்வொரு தடவையும் புது ஊசி போடுங்கன்னு உறைல அச்சடிச்சு வெச்சிருப்பான். உங்க பெரியப்பா எத்தனை தடவை ஓட்டுனோம், எத்தனை ஊசி செலவுன்னு குறிச்சிருக்காரு. பெருக்கல் குறி போட்டது பழைய ஊசியையே மறுபடி போட்டதா இருக்கும், கஞ்சத்தனம் எல்லா மைக்செட்காரருக்கும் உண்டு. தட்டு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு உறைலயே கணக்கு இருக்கறதை நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. ஸ்கேன் பண்ணிப் போடுங்க தயவுசெஞ்சு.

காகிதப்பூச்சி
ஸ்கேன் பண்ணும்போது உறையப் பிரிக்காதீங்க, மடிப்பு விட்டுரும். உள்ள ஒரு வெள்ளைத் தாள் நுழைச்சு, மொபைல்ல பக்கவாட்டு வெளிச்சத்துல போட்டோ எடுங்க, பென்சில் கோடு பளிச்சுன்னு தெரியும்.

லண்டன்_சுண்ணாகம்
ஊசிக் கணக்கெண்டா ஊர்ப் பேர் என்னத்துக்கு?

ஊசிமுனை
அதான் எனக்கும் இடிக்குது. எந்த ஊர்ல எத்தனை ஊசி செலவாச்சுன்னு இருக்குமோ?

திருமங்கலத்தான்
பெரியம்மாகிட்ட போன்ல கேட்டேன். சிரிச்சாங்க சிரிச்சாங்க அப்படிச் சிரிச்சாங்க. ஊசியும் இல்ல ஒண்ணும் இல்லடா, அவரு கரண்டு பிளேயர் வாங்குனப்புறம் ஊசி மாத்துறது ஆடிக்கொருக்கா அமாவாசைக்கொருக்காதான், அது கல்யாணக் கணக்குங்கறாங்க. அந்தத் தட்டு ஓடுன ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கோடு. கீழ இருக்கறது ஊர். கள்ளின்னா கள்ளிக்குடி, செக்கான்னா செக்கானூரணி, பேரைன்னா பேரையூர். நோட்டு போட்டு எழுதுனா வீட்டுல யாராச்சும் படிச்சிருவாங்கன்னு உறைக்குள்ள எழுதுவாராம்.

பெருக்கல் குறி, ரேடியோ செட்டு வாடகை கொடுக்காம ஏமாத்துனவங்க.

கீறல்தட்டு
😂😂😂 இதைப் போயி போகில கொளுத்தப் பார்த்தீங்களே. மொத்தம் எத்தனை பெருக்கல்?

ஊசிமுனை
என் ஊசி ஆராய்ச்சியை வாபஸ் வாங்கிக்கிறேன்.

திருமங்கலத்தான்
எண்ணிட்டே இருக்கேன், இதுவரைக்கும் 31. அதுல ஒண்ணுக்குக் கீழ ஊர் பேரு இல்ல, "தம்பி"ன்னு மட்டும் எழுதியிருக்கு. எங்க அப்பா கல்யாணம்.